ஒரு கீறல் இல்லாத பொல்லு

1

போன சனிக்கிழமை எங்கள் தொடர்மாடியில் டுக்னாட். நாட்டில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். நோர்வேயில் பனி கரைந்து, அதற்குள் புதைந்து கிடந்த நாய்ப்பீயும் ஒற்றைக் கையுறைகளும் வெளியே வந்த பிறகு, எல்லாக் குடும்பமும் விளக்குமாறும் கையுமாக இறங்கி வளவைத் துப்பரவாக்குகிற நாளுக்கு அப்படிப் பெயர். கூலி கிடையாது. வராவிட்டால் ஒருவரும் ஏச மாட்டார்கள். ஆனால் வருசம் முழுக்க லிஃப்டுக்குள் உங்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள். வந்தாலும் சொல்ல மாட்டார்கள்தான். வந்தவனுக்குச் சொல்லாத வணக்கம் வேறு மாதிரி இருக்கும். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இந்த லோறென்ஸ்கூக்கில் பதினொரு வருசம் இருந்தபடியால் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இந்த முறை நிலவறையின் முறை. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பி வலை அடித்த ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே இருக்கிறதையெல்லாம் வெளியே எடுத்து, இரும்பு ஒரு குவியல், மரம் ஒரு குவியல், மிச்சம் ஒரு குவியல் என்று போடவேண்டும். பக்கத்து வீட்டு ஓய்விண்ட்தான் பொறுப்பு. பொறுப்பு என்பதால் மஞ்சள் அங்கி போட்டிருந்தான். எங்கள் அறைக்குள் கையை விட்டு, சூட்கேசுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பொல்லை இழுத்து எடுத்தான்.

"இது மரம்" என்றான். மரக் குவியல் பக்கம் இரண்டடி போனவன் நின்றான். பொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசா இருக்கு. ஒரு கீறலும் இல்லை. ஒருநாளும் பாவிக்கேல்லைப் போல."

அதற்கு நான் பதில் சொல்வதென்றால் நாலைந்து வருசக் கதை சொல்ல வேண்டும். நோர்வேஜியனில் அவ்வளவு தூரம் என்னால் ஓட முடியாது, பாதியில் மூச்சு வாங்கும். அதுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அது டெக்லனின் பொல்லு. டெக்லன் என்னோடு வேலை செய்கிறவன். முதியோர் இல்லங்களுக்குச் சமைத்து அனுப்புகிற பெரிய குசினி ஒன்றில் நான் சமையல், அவன் சாப்பாட்டு வான் ஓட்டம். அயர்லாந்துக்காரன். நோர்வே நேர்ஸ் ஒருத்தியைக் கலியாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்தவன். நானும் அவனும் நோர்வேஜியனில்தான் கதைப்போம். இரண்டு பேருக்கும் அது சொந்தமில்லாதபடியால் ஒருவரை ஒருவர் வடிவாக விளங்கும். நோர்வேக்காரருக்குத்தான் எங்கள் இரண்டு பேரையும் விளங்காது.

வேலைக்கு வந்த முதல் கிழமை அவன் இதேபோல ஒரு பொல்லைக் கொண்டுவந்து குசினி மூலையில் சாத்தி வைத்தான். கூழ் அகப்பையைப் பிடித்து நீட்டி, தலையைத் தட்டையாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. நான் அதை நல்லாகத் தேய்த்துக் கழுவி, கஞ்சி கிண்டுகிற துடுப்புகளோடு சேர்த்துக் கொழுவிவிட்டேன். பின்னேரம் அவன் வந்து அதை ஈரத்தோடு கண்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இது சமையல் சாமான் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஹேர்லிங் என்று அதற்குப் பெயர். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆளுக்கொரு பொல்லு. பந்து கிட்டத்தட்ட எங்கள் கிரிக்கெட் பந்து அளவு. கிரிக்கெட்டில் ஒருவன் எறிய ஒருவன் அடிக்க மிச்ச ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இதில் எல்லாரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். பந்து ஆகாயத்தில் போகும்போதும் அடிப்பார்கள், நிலத்தில் கிடக்கும்போதும் அடிப்பார்கள், பந்து இல்லாதபோதும் சிலவேளை அடிப்பார்கள். இதற்கு ஒருவருக்கும் சம்பளம் இல்லை. நாடு முழுக்கப் பெயரெடுத்த ஆட்டக்காரனும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவேண்டும்.

இதைவிட அதிசயமான விசயம் ஒன்று இருந்தது. எந்தப் பங்கில் பிறந்தாயோ அந்தப் பங்குக்குத்தான் விளையாட வேண்டும். பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சுற்றியிருக்கிற ஊரும். வேறு ஊருக்கு மாறுவதென்றால் மனுப்போட்டு மாறலாமாம். "ஆனா ஒருத்தரும் மாற மாட்டினம்" என்றான் டெக்லன். "ஏன்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், தாயை மாற்றலாமோ என்று நான் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அவனுடைய விளையாட்டு வாழ்க்கையை இரண்டு வரியில் எழுதலாம். பதினாறு வயதில் ஊர் அணியில் சேர்ந்தான். பின்பக்க மூலையில் நிற்கிறவன். அதுவும் அந்த மூலைக்குரியவனுக்குக் காயம் பட்டால். அவனுடைய ஊர் இரண்டு தடவை இறுதிப் போட்டிக்குப் போய் இரண்டு தடவையும் தோற்றது. அந்தத் தோல்விகளில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்று டெக்லன் சொல்லுவான். இரண்டிலும் அவனை மைதானத்தில் இறக்கவே இல்லை.

"ஒரு பைனலிலை எண்டாலும் உள்ளுக்கை நிக்கவேணும், சிவா" என்பான். "பெஞ்சிலை இல்லை. கோட்டுக்கு உள்ளுக்கை."

நான் அவனைக் கண்டபோது முப்பத்தைந்து தாண்டிவிட்டான். முழங்காலில் ஒருதரம் வெட்டித் தைத்தாயிற்று. அப்படியிருந்தும் விளையாட்டுக் காலம் வந்தால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊருக்குப் பறப்பான். ஒஸ்லோ என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் இருக்கிற விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போய், மலிவு விமானத்தில் ஏறி, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, தமையனின் காரில் ஏறி, போய்ச் சேர்ந்து, பெஞ்சில் இருந்துவிட்டு வருவான்.

3

எங்களுடைய ஊர் கொன்றையடி. பலாலி விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்தது இடைஞ்சலாய்ப் போனது. தொண்ணூறாம் ஆண்டு சனங்கள் ஊரைவிட்டு எழும்பினது, ஆமி கம்பி அடித்துவிட்டதால் பிறகு ஒருவரும் போகவில்லை. நோர்வேக்காரர் எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசப் போன காலத்தில் நானும் நம்பி ஒருக்கால் போனேன். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் நின்ற ஆமிக்காரப் பெடியன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படி நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் குசினிப் பொறுப்பாளர் பெரிட் ஒவ்வொரு திங்களும் என்னிடம் "சமாதானம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பாள். ஏதோ அடுப்பில் நான் வைத்துவிட்டு வந்த சாமான் மாதிரி. "கொதிக்கேல்லை இன்னும்" என்று சொல்லுவேன்.

நோர்வே கடவுச்சீட்டு எடுத்தபோது பிறந்த இடம் என்ற இடத்தில் கொன்றையடி என்று போடச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியில் பிறந்த ஆட்களுக்கு நாட்டின் பெயரை மட்டும்தான் கணினி எடுக்கும் என்றாள். ஆகவே நான் இலங்கையில் பிறந்தேன். இலங்கையில் எங்கே என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

இதை ஒருநாள் டெக்லனிடம் சொன்னேன். வானில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"உங்கட ஊருக்கு விளையாட ஒரு ரீம் இருக்கோ?"

"ரீம் இருக்கு. ஒஸ்லோவிலை ஒண்டு, லண்டனிலை ஒண்டு, ரொறன்ரோவிலை ரெண்டு. கிறவுண்ட்தான் இல்லை. ஆமி வைச்சிருக்கு."

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "எங்களுக்குக் கிறவுண்ட் இருக்கு" என்றான். "ஆக்கள்தான் இல்லை. நான் போகாட்டி பெஞ்சிலை ஆள் குறைவு."

எங்களுக்கு ஒஸ்லோவில் கொன்றையடி மக்கள் ஒன்றியம் என்று ஒன்று உண்டு. நான் செயலாளர். வருசத்துக்கு ஒருமுறை பியோர்ண்டாலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து ஒன்றுகூடல் வைப்போம். தேசிக்காய் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல், செயலாளர் அறிக்கை. அறிக்கை வாசிக்கும்போது எல்லாரும் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பதினாறு. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் நோர்வேஜியனில் பதில் வரும். சனிக்கிழமை ஒன்றுகூடலென்றால் அன்றைக்குத்தான் அவளுக்கு ஹான்ட்போல் பயிற்சி இருக்கும். இல்லாவிட்டால் தலையிடி இருக்கும்.

"அது உங்கட ஊர், அப்பா" என்பாள். "நான் லோறென்ஸ்கூக்."

கோபமாகச் சொன்னால் ஏசலாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரித்தான் சொல்லுவாள். ஆனாலும் எனக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ குத்தும். பிறகு தேத்தண்ணி குடித்தால் சரியாகிவிடும்.

4

அந்த வருசம் டெக்லனின் ஊர் அரையிறுதியில் வென்றது. இறுதிப் போட்டி மூன்று கிழமையில். அவனுடைய முழங்காலைப் பார்க்கிற டொக்டர், இந்த வருசத்தோடு சரி என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவனுக்கு வெள்ளியும் திங்களும் லீவு வேண்டும். வருசாந்த லீவெல்லாம் பறந்தே முடித்துவிட்டான். பெரிட்டிடம் போனான். எதற்கு என்று அவள் கேட்டாள். மட்ச் என்றான். "அது பொழுதுபோக்கு" என்றாள் பெரிட். நல்ல மனுசி. ஆனால் நோர்வேக்காரருக்கு லீவுக்குக் காரணம் ஒரு பெட்டிக்குள் அடங்கவேண்டும்.

தொங்கிப்போன முகத்தோடு அவன் வெளியே வந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போனேன்.

"பெரிட், அது விளையாட்டில்லை" என்றேன்.

"அப்ப என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊரில் பிறந்தவர்கள் எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடவேண்டும். வராதவனைப் பற்றி வருசம் முழுக்கக் கதைப்பார்கள். வீட்டுக்கு வீடு கொடி கட்டுவார்கள். பெண்கள் சேர்ந்து சமைப்பார்கள். பாதிரியார் வந்து நிற்பார். கிழவர்கள் அழுவார்கள். டெக்லன் வானுக்குள் வைத்து எனக்குச் சொன்னதுதான் எல்லாம். நான் ஒரு சொல் கூட்டவில்லை.

"இது சமயத் திருவிழா மாதிரியெல்லோ இருக்கு" என்றாள் பெரிட்.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குத் தேர் இழுக்கும்போது இதிலிருந்து எது குறைவு, எது கூட என்று பார்த்தேன். "ஓம்" என்றேன்.

"டெக்லன் கத்தோலிக்கன்தானே?"

"ஓம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

நோர்வேயில் அரசாங்கத் திருச்சபையைச் சேராதவனுக்குத் தன் சமயத் திருநாளுக்கு வருசத்தில் இரண்டு நாள் லீவு என்று சட்டம் இருக்கிறது. நான் ஒவ்வொரு வருசமும் தேருக்கு எடுக்கிற லீவு அதுதான். பெரிட் அந்த இடத்திலேயே டெக்லனுக்கும் எழுதிக் கொடுத்தாள். அவளுக்குச் சரியான சந்தோசம். அந்த நாட்களில் எல்லா வேலைத்தலங்களிலும் பல பண்பாடு என்கிற பேச்சு அடிபட்டது. எங்கள் குசினியில் என்னை விட்டால் காட்ட வேறு ஆளில்லை. போன வருசம் நான்தான் காவடிப் படங்களைக் கொண்டுவந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கம் கொடுத்தேன். இந்த வருசம் டெக்லன் கொடுக்கட்டும் என்று பெரிட் சொல்லிவிட்டாள்.

டெக்லன் என்னை வானுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"சிவா, நீ என்ன சொன்னனீ?"

"உள்ளதைத்தான் சொன்னனான்."

"எங்கட திருவிழா எண்டோ?"

"இல்லையோ?"

அவன் படங்கள் கொண்டுவரப் போனான்.

விளக்கம் நல்லாகத்தான் போனது. இரண்டாவது படத்தில் அவனுடைய தமையன் நெற்றியிலிருந்து இரத்தம் வடிய, பொல்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குசினி ஆட்கள் கடித்த பாணைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்கள்.

"இரத்தம் வாறது கட்டாயமோ?" என்று பெரிட் கேட்டாள்.

"கட்டாயமில்லை" என்றான் டெக்லன். "ஆனா வரும்."

"பொம்பிளையளும் செய்யலாமோ?"

"செய்யலாம். அவைக்குத் தனியா இருக்கு."

பெரிட் மரியாதையோடு தலையாட்டினாள். என் காவடிப் படத்துக்கும் இதே அளவுதான் தலையாட்டினவள்.

5

செவ்வாய்க்கிழமை டெக்லன் வேலைக்கு வந்தான்.

"என்ன மாதிரி?" என்றேன்.

"சமன்."

"நீ இறங்கினியோ?"

"இல்லை. பெஞ்சிலை."

இறுதிப் போட்டி சமனாக முடிந்தால் திரும்ப முதலிலிருந்து விளையாட வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை. இதை பெரிட்டிடம் சொல்லப் போனான். நானும் கூடப் போனேன், பொறுப்பு எனக்கும் இருந்தது.

"திருவிழா முடிஞ்சுதோ?" என்றாள் பெரிட் சிரித்த முகத்தோடு.

"இல்லை. திரும்பவும் நடத்தவேணும்."

"அதே திருவிழாவையோ?"

"ஓம். சமனா முடிஞ்சா அப்பிடித்தான்."

பெரிட் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. கொஞ்ச நேரம் பேனையால் மேசையைத் தட்டினாள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சமய நாள் இரண்டும் முடிந்துவிட்டது, சட்டத்தில் மூன்றாவது நாள் இல்லை என்றாள். அந்தச் சனி ஞாயிறு டெக்லனுக்கு வேலை. மாறிச் செய்ய ஆள் பிடித்தால் தனக்கு மறுப்பில்லை.

டெக்லன் எல்லாரையும் கேட்டான். ஒருவருக்குப் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம், ஒருவருக்குக் குளிர்காலத்துக்கு மலை வீட்டைப் பூட்டுகிற கிழமை. என்னை மட்டும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் ஒன்றுகூடல் என்று அவனுக்குத் தெரியும். அறிவித்தலைச் சாப்பாட்டு அறையில் ஒட்டியதே நான்தான்.

பின்னேரம் அவன் வானுக்குள் ஏறி இருந்தான், ஸ்டார்ட் பண்ணவில்லை. நான் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினேன்.

"இந்தமுறை போகாட்டி இனிப் போகத் தேவையில்லை" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அவன்மேல் எரிச்சல் இருந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊரில் நிற்கிறான், பெஞ்சில் இருக்கிறதுக்கு. எனக்கு அப்படி ஒரு பஸ்ஸும் இல்லை, விமானமும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஆனால் அவனும் போகாமல் இந்த வானுக்குள்ளேயே இருந்தால் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது? போகக்கூடியவனாவது போகட்டும் என்று மனம் சொன்னது.

"ரெண்டு நாளும் நான் செய்யிறன்" என்றேன். "சமையலுக்கு நிக்கிற ஆளை வான் ஓட விட்டிட்டு, அந்தச் சமையலை எனக்குப் போடச் சொல்லி பெரிட்டோடை கதைக்கிறன்."

அவன் என் தோளில் ஒருமுறை தட்டினான். அது ஹேர்லிங் தட்டு, இரண்டு நாள் நொந்தது.

வீட்டில் மனுசி கேட்ட முதல் கேள்வி, "இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?" அது கேள்வி இல்லையென்றபடியால் நான் பதில் சொல்லவில்லை. ஒன்றியத் தலைவர் குணம் அண்ணை தொலைபேசியில் பிடித்தார்.

"சிவபாதம், செயலாளர் இல்லாமல் ஒன்றுகூடலோ? ஆரோ ஒருத்தன்ர ஊருக்காக எங்கட ஊரை விட்டிட்டுப் போறீர்."

"நான் ஒரு இடமும் போகேல்லை அண்ணை. குசினியிலைதான் நிக்கிறன்."

"அதைத்தான் சொல்லுறன். போறவனாயிருந்தாலும் பரவாயில்லை."

மனம் சரியில்லாமல்தான் இருந்தது. இருபது வருசத்தில் நான் தவறவிட்ட ஒரே ஒன்றுகூடல் அது.

ஆரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோபாவில் கிடந்தாள். "அப்பா, உண்மையாவோ?" என்றாள் தமிழில். "டெக்லன்ட ஊருக்காக நீங்கள் உங்கட ஊருக்குப் போகேல்லையோ?"

"ஓம் பிள்ளை."

"அவர் விளையாடுவாரோ?"

"தெரியாது."

அவள் எழும்பி, என்னிடம் இருந்த மண்டபத் திறப்பைத் தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். கொடுத்ததோடு விடவில்லை. செயலாளர் அறிக்கையையும் அவள்தான் வாசித்தாளாம். குணம் அண்ணை சொன்னார், "உம்மைவிட நல்லா வாசிச்சவள். அரைவாசி விளங்கேல்லை. அதாலை ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை."

6

ஞாயிறு மத்தியானம் குசினியில் நான் தனி. உருளைக்கிழங்குப் பானை இரண்டு அடுப்பில். இறைச்சி உருண்டை ஓவனில். ஆரணி தொலைபேசி எடுத்தாள். டெக்லனுடைய பகுதியில் ஒரு சின்ன வானொலி, மட்சை நேரடியாகச் சொல்லுகிறதாம், கணினியில் கேட்கிறதாம். தான் கேட்டுக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றாள். நான் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி, உப்புப் பேணியில் சாத்தி வைத்தேன்.

அவளுடைய தமிழில் ஒரு பந்தயத்தை நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"அப்பா, சரியான ஸ்பீடாக் கதைக்கிறாங்கள். இப்ப ஒராள் அடிச்சவர். கோல் கம்பிக்கு மேலால போய்ட்டுது. அதுக்கு ஒரு புள்ளி."

"ஆருக்கு?"

"டெக்லன்ட ஆக்களுக்கு. இல்லை, பொறுங்கோ. மற்ற ஆக்களுக்கு."

"அடிச்சது ஆர்?"

"எல்லாருக்கும் ஒரே பேர் அப்பா. மூண்டு பேருக்கு டெக்லன்ட குடும்பப் பேர். நேற்று மண்டபத்தில இருந்த மாதிரி, எல்லாரும் சொந்தக்காரர்."

இடைவேளை வந்தது. டெக்லனின் பெயர் வரவில்லை. நான் இறைச்சி உருண்டையைத் திருப்பினேன். இரண்டாவது பாதி தொடங்கினது. ஒருக்கால் இவர்கள் முன்னுக்கு, ஒருக்கால் அவர்கள் முன்னுக்கு. ஆரணி தமிழை விட்டு நோர்வேஜியனுக்குத் தாவுவாள், என்ன நினைப்பாளோ, திரும்பத் தமிழுக்கு வருவாள். தெரியாத சொல் வந்தால் நிற்காமல் "அதை அப்பிடிச் செய்திட்டார்" என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். எனக்கு எல்லாம் விளங்கியது.

"எவ்வளவு நேரம் இருக்கு, பிள்ளை?"

"கொஞ்சம்தான். டெக்லன்ட ஆக்கள் ஒரு புள்ளி முன்னுக்கு. அப்பா, ஆரோ விழுந்திட்டார். எழும்பேல்லை. காவிக்கொண்டு போகினம்."

"எந்த மூலை?"

"பின்பக்கம். ஆள் மாத்தப் போகினம். அப்பா, டெக்லனாம்."

நான் புகை இழுக்கிற காற்றாடியை நிற்பாட்டினேன். குசினி திடீரென்று அமைதியாகிவிட்டது.

"என்ன சொல்லுறாங்கள்?"

"'நோர்வேயில இருந்து வீட்ட வந்திருக்கிறார்' எண்டு சொல்லுறாங்கள். சனமெல்லாம் கத்துது அப்பா. எனக்கு அந்தாள் சொல்லுறது கேக்கேல்லை."

வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒஸ்லோவில் அவனுக்கு வீடும் மனுசியும் வங்கிக் கடனும் இருக்கிறது. ஆனாலும் அந்த அறிவிப்பாளன் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பந்து அவனிட்டை வந்ததோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை அப்பா. பந்து மற்றப் பக்கம் நிக்குது."

"இப்ப?"

"வருது. வருது. இல்லை, வேற ஆள் எடுத்திட்டார்."

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். முருகா, ஒருக்கால் அந்த மூலைக்கு விடு என்று கேட்டேன். முருகனுக்கு அந்த மூலை தெரிந்திருக்க நியாயமில்லை.

"முடிஞ்சுது" என்றாள் ஆரணி. "வெண்டிட்டினம். ஒரு புள்ளியால."

தொலைபேசிக்குள்ளால் எங்கேயோ ஒரு ஊர் கத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

"பிள்ளை?"

"நிக்கிறன். டெக்லன் பந்தைத் தொடேல்லை, அப்பா."

"பரவாயில்லை. உள்ளுக்கை நிண்டவன்தானே."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு இரண்டு பானையும் கரைந்து களியாகிவிட்டது. பாலும் பட்டரும் விட்டு மசித்து அனுப்பினேன். அடுத்தநாள் ஒரு இல்லத்திலிருந்து தொலைபேசி எடுத்து, பல்லில்லாத ஆட்களை நினைத்துச் சமைத்ததற்கு நன்றி என்றார்கள்.

7

டெக்லன் திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு காயமும் இல்லை. பெரிட் நெற்றியைப் பார்த்தாள், கொஞ்சம் ஏமாற்றம் போலத் தெரிந்தது. "திருவிழா?" என்றாள். "முடிஞ்சுது" என்றான் அவன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, கை கொடுத்தாள்.

எனக்கு அவன் வடிவாகச் சொன்னான். தன்னுடைய மூலையில் போய் நின்றான். எதிராளி ஒரு சின்னப் பெடியன், "நீங்கள்தானே நோர்வேக்காரன்?" என்று மரியாதையாகக் கேட்டானாம். பந்து வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றான், வரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பிறகு வானுக்குள்ளிருந்து பொல்லை எடுத்து என்னிடம் நீட்டினான். இறுதிப் போட்டிக்கென்று புதிதாகச் செய்வித்தது.

"நல்லாத்தானே இருக்கு. வைச்சிரு" என்றேன்.

"எனக்கு இனி வேண்டாம். உன்னாலைதான் உள்ளுக்கை நிண்டனான்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அன்றைக்கு வெங்காயம் வெட்டுகிற வேலையும் இல்லை, சாட்டுச் சொல்ல.

சில கிழமை கழித்து, அவனுடைய பங்கில் அடிக்கிற சின்னப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். ஆரணிதான் வாசித்துச் சொன்னாள். வென்ற அணியின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவனவன் பிறந்த குறிச்சி. கீழே சமைத்தவர்கள், உடுப்புத் தோய்த்தவர்கள், கொடி கட்டியவர்கள், எல்லாருக்கும் நன்றி, எல்லாருக்கும் பக்கத்தில் அவரவர் குறிச்சி. கடைசி வரியில்: சிவபாதம், கொன்றையடி.

அவ்வளவுதான். நோர்வே என்றும் இல்லை, இலங்கை என்றும் இல்லை.

"நான்தான் ஸ்பெல்லிங் சொன்னனான்" என்றாள் ஆரணி. "டெக்லன் போன் எடுத்துக் கேட்டவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

நான் திருப்பியும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். குணம் அண்ணை கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். அதை வாங்கிக்கொண்டு போய், பிளாஸ்டிக் உறை போட்டுப் பல பிரதி எடுத்து, கொன்றையடிக்காரர் எல்லாருக்கும் கொடுத்தார். ஒஸ்லோவில் எந்தக் கொன்றையடிக்காரர் வீட்டுக்குப் போனாலும் குளிர்ப்பெட்டிக் கதவில் அயர்லாந்துக்காரரின் பெயர்ப் பட்டியல் ஒன்று தொங்கும். எங்கள் கிறவுண்ட் இன்னும் வரவில்லை. சமாதானமும் போய்விட்டது. பெரிட் இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை.

நிலவறையில் நின்று இவ்வளவையும் நான் ஓய்விண்டுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவன் பொல்லோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மரக் குவியல். நான் எங்கே தொடங்குகிறது என்று நோர்வேஜியனில் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆரணி இப்போது ட்ரொண்ட்ஹைமில் படிக்கிறாள். போன சனி ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தாள். குப்பைத் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து, ஓய்விண்டின் கையிலிருந்து பொல்லை வாங்கி, தூசியைத் தன் சட்டையில் துடைத்தாள்.

"இது எறியிற சாமானில்லை" என்று அவனுக்கு நோர்வேஜியனில் சொன்னாள். "எங்கட ஊர்ச் சாமான்."

ஓய்விண்ட் மன்னிப்புக் கேட்டான். அவள் பொல்லைக் கொண்டுபோய் அறைக்குள் பழைய இடத்தில் சாத்தினாள். நான் திருத்தவில்லை.